தாம்பரமா, கூடுவாஞ்சேரியா, செங்கல்பட்டா: வாடகைக்கு எங்கே போகலாம்?

வேலை கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ இருக்கும். சென்னைக்குள் டபுள் பெட்ரூம் வீட்டுக்குச் சொல்லும் வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். இல்லாவிட்டால் வேலையே மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ இருக்கும், தினமும் நகரத்துக்குள்ளிருந்து போய் வர முடியாது. இப்படிப்பட்டவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில், சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில்தான் வந்து நிற்கிறார்கள். அங்கே மூன்று ஊர்கள் கண்ணில் படும்: தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு. மூன்றும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கின்றன. ஆனாலும் அங்கே வாழ்வது மூன்று விதமாக இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை வைத்து வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்டேஷனில் இறங்கியபின் வீட்டு வாசல் வரைக்குமான கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பாருங்கள். தாம்பரத்தில் தப்பான இடத்தில் எடுத்த வீட்டைவிட செங்கல்பட்டில் ஸ்டேஷன் பக்கம் எடுத்த வீடு எத்தனையோ மேல். விளம்பரத்தில் வாடகையும் சதுர அடியும்தான் வரும், இந்தக் கணக்கு வராது.

முதலில் வாடகை. தெருவுக்குத் தெரு மாறும் என்றாலும், ஒரு குத்துமதிப்புக்குச் சொல்கிறேன். தாம்பரத்தில் சுமாரான டபுள் பெட்ரூம் 15,000 ரூபாய் என்றால், அதே அளவு வீடு கூடுவாஞ்சேரியில் 10,000 அல்லது 11,000க்குக் கிடைக்கும். செங்கல்பட்டில் இன்னும் ஓர் ஆயிரம் ரெண்டாயிரம் குறையும், கூடவே கொஞ்சம் பெரிய ஹாலும் மொட்டை மாடியும் கிடைக்கும். மாதம் நாலாயிரம் மிச்சம் என்று கேட்கும்போது மனசு கூடுவாஞ்சேரிப் பக்கம் சாயத்தான் செய்யும்.

இப்போது கடைசி இரண்டு கிலோமீட்டரைச் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தில் 'கூடுவாஞ்சேரி' என்று போட்டிருக்கும் வீடுகளில் பல, ஸ்டேஷனிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 20 ரூபாய் என்று வைத்தால், கணவன் மனைவி இரண்டு பேரும் 25 நாள் போய் வர மாதம் 2,000 ரூபாய் ஆகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் இரண்டாவது வண்டி வாங்குவீர்கள், ஸ்டேஷன் பார்க்கிங், பெட்ரோல் என்று அதற்கும் அழ வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிடும் ஆட்டோவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிச்சம் பிடித்த நாலாயிரத்தில் ஆயிரம் கையில் நின்றால் பெரிய விஷயம்.

அதே கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் கதை வேறு. அது நல்ல பேரம், யோசிக்காமல் பிடித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வீடுகள் விளம்பரத்துக்கு வருவதற்குள் போய்விடும் என்பதுதான் சிக்கல். சாயங்காலம் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து டூ-லெட் போர்டு தேடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். யார் வீடு காலியாகப் போகிறது என்று புரோக்கருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பதும் மிச்சம்.

அடுத்து ரயில். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து முக்கால் மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், செங்கல்பட்டிலிருந்து ஒன்றேகால் மணி. நேரத்தை மட்டும் பார்த்தால் வரிசை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் போகிறவர்களைக் கேட்டால் உட்கார இடம் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பேசுவார்கள். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டிகள் உண்டு, ஐந்து நிமிடம் முன்னால் போனால் உட்கார்ந்துவிடலாம். செங்கல்பட்டிலும் வண்டி அங்கேயே கிளம்புகிறது. ஜன்னலோரம் பிடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பல்லாவரம் வந்திருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டது கூடுவாஞ்சேரி. காலை எட்டு மணிக்கு வண்டி அங்கே வரும்போது சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும், முக்கால் மணி நேரமும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். தூரம் அதிகமான செங்கல்பட்டுக்காரர், பக்கத்து ஊர்க்காரரைவிட அலுப்பில்லாமல் ஆபீஸ் போய்ச் சேருவது இதனால்தான்.

சாயங்காலம் நிலைமை தலைகீழ். கிண்டி பிளாட்பாரத்தில் நின்றால் தாம்பரம் வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். செங்கல்பட்டு வண்டிக்கு அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டி வரும். மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நாலாவதில் தொங்கிக்கொண்டு போகும் அந்த அரை மணி நேரம் தினமும் உண்டு என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்சார ரயிலும் இந்தப் பாதையில் ஓடுகிறது. ஆனால் அது ஒரு சில நடைகள்தான், உங்கள் ஆபீஸ் நேரத்துக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை என்று வண்டிகளைக் குறைத்தால், அதிகம் தவிப்பது தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்தான்.

வேலை தெற்கே இருந்தால் இதையெல்லாம் மறந்துவிடலாம். மகேந்திரா சிட்டிக்குப் பக்கத்திலேயே பரனூர் ஸ்டேஷன், செங்கல்பட்டிலிருந்து அடுத்த நிறுத்தம். அங்கே வேலை பார்த்துக்கொண்டு தாம்பரத்தில் வாடகை கொடுப்பதில் எனக்கு நியாயமே தெரியவில்லை, வீட்டில் இன்னொருவருக்கு நகரத்துக்குள் வேலை இருந்தாலொழிய. காரில் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து சென்னைப் பக்கம் போனால் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்ட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கான மாதப் பாஸ் எடுத்துக்கொண்டால் கை கடிக்காது.

சொந்த ஊர் திருநெல்வேலி, மதுரை, திருச்சி பக்கம் என்றால் மூன்று ஊருமே வசதிதான். தெற்கு ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கின்றன, நிறைய வண்டிகள் செங்கல்பட்டிலும் நிற்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபின் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஊர் பஸ் வாசலில் வந்து நிற்பது போலத்தான். தீபாவளி நேரத்தில் கோயம்பேட்டில் கிடந்து அல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தண்ணீர்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீர் இரண்டு விதமாகப் படுத்தும். மே மாதம் இல்லாமல் படுத்தும், டிசம்பரில் வீட்டுக்குள் வந்து படுத்தும்.

வீடு பார்க்கப் போகும்போது ஓனரிடம் கேட்டால் பதில் ஒன்றுதான்: "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல சார், போர் முந்நூறு அடி." முந்நூறு அடி போட வேண்டி வந்ததே ஒரு தகவல்தான். எதிர்வீட்டில் துணி காயப்போடும் பெண்ணிடம் கேளுங்கள்: "அக்கா, மே மாசம் லாரி வருமா?" உண்மை அங்கே வரும். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனைக் கேட்கலாம். போன கோடையில் மாதம் எத்தனை லாரி வந்தது, அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியாக வாங்கினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பாத்ரூமுக்குள் போய் குழாயைப் பாருங்கள். ஷவரின் ஓட்டைகளில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, பாதி ஓட்டையில் மட்டும் தண்ணீர் கோணலாக வருகிறது என்றால் நல்ல உப்புத் தண்ணீர். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பக்கெட் இருந்தால் அதன் உள்பக்கம் வளையம் வளையமாகக் கறை படிந்திருக்கும். இந்தத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது, கெய்சரின் ஆயுளும் குறையும். சமையலுக்கும் குடிக்கவும் கேன் வாங்க வேண்டியிருக்கும். வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை என்றால் கேன் போடும் தம்பி மாடிக்கு ஏற்றத் தனியாகக் காசு கேட்பார், கேட்பது நியாயமும்கூட. கூடுவாஞ்சேரியின் புதிய நகர்களில் இந்தத் தொல்லை அதிகம் என்பது என் அனுபவம். தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. பாலாற்றுத் தண்ணீர் தெருக்குழாயில் வரும் தெரு என்றால் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் வாடகை கொடுக்கலாம், தப்பில்லை.

இனி வெள்ளம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் பல நகர்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்திலும் ஏரிகளின் உபரிநீர் போகும் வழியில் எழும்பிய நகர்கள் இருக்கின்றன. இந்தப் பகுதிகளில் வாடகை மலிவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எல்லாத் தெருவும் மோசம் என்று சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும். தெருவில் பழைய வீட்டுக்கு ஒரு படி, புது வீட்டுக்கு ஐந்து படி இருக்கிறதா? மின்சார மீட்டர் பெட்டியைப் பெயர்த்துத் தலைக்கு மேலே வைத்திருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் இடுப்புயரத்தில் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை, அதற்கு மேல் மட்டும் பெயின்ட் பளிச்சென்று இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் தரைத்தளம் வேண்டாம். முதல் மாடி எடுத்தால் கார் பார்க்கிங்கை மறந்துவிட்டு எடுங்கள். நவம்பர், டிசம்பரில் மழைக்கு மறுநாள் போய் வீடு பார்ப்பதைப் போல ஒரு சோதனை கிடையாது.

கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் இந்த வகையில் கொஞ்சம் நிம்மதி. ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகிறவர்களுக்கும் வேளச்சேரி சாலை வழியாக அதுதான் வசதி. காலையில் கேம்ப் ரோடு சந்திப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேற்கில் சண்முகம் சாலை மார்க்கெட் இருக்கிறது. காய்கறி, பாத்திரம், துணி எல்லாம் ஒரே நடையில் வாங்கி வந்துவிடலாம்.

அபார்ட்மென்ட்டா, மாடிப் போர்ஷனா?

ஊரைத் தேர்ந்தெடுத்தால் பாதிக்கு இதுவும் தானே முடிவாகிவிடுகிறது. செங்கல்பட்டில் தனி வீடுகளும், ஓனர் கீழே நாம் மேலே என்ற மாடிப் போர்ஷன்களும்தான் அதிகம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் பெரிய கேட், நீச்சல் குளம் என்று அடுக்குமாடிகள். தாம்பரத்தில் இரண்டும் கலந்து கிடக்கும்.

அடுக்குமாடியில் வாடகைக்கு மேல் மெயின்டனன்ஸ் உண்டு. சதுர அடிக்கு 2.50 ரூபாய் என்றால் ஆயிரம் சதுர அடிக்கு 2,500 ரூபாய். வாடகையில் இது அடக்கமா, தனியா என்பதை முதல் போனிலேயே கேளுங்கள், பலர் அக்ரிமென்ட் போடும் அன்றுதான் வாயைத் திறப்பார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் போய்ப் பார்க்கலாம். கரன்ட் போனால் ஜெனரேட்டர், வாசலில் ஆள், குழந்தைகளுக்குக் கூட விளையாடப் பிள்ளைகள் என்று நல்லதும் நிறைய இருக்கிறது. ஊருக்குப் புதிது, கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு அடுக்குமாடிக்குத்தான்.

மாடிப் போர்ஷனில் வாடகை குறைவு, ஆனால் ஓனரும் சேர்ந்து வருவார். பத்து மணிக்கு கேட் பூட்டுவார்கள், விருந்தாளி வந்தால் "யாரு, எத்தனை நாள்?" என்பார்கள், மோட்டார் போடும் நேரம் அவர்கள் கையில். பேச்சிலர் என்றால் போர்டிலேயே இல்லை என்று எழுதியிருக்கும். அசைவம் சமைக்கக் கூடாது என்பதையும் சிலர் வெளிப்படையாகச் சொல்வார்கள். பொத்தேரி, காட்டாங்கொளத்தூரில் கல்லூரி மாணவர்கள் நிறைய இருப்பதால் அங்கே தலைக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள், குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டாது. இன்னொரு பக்கம், ஓனர் நல்லவராக அமைந்துவிட்டால் அவசரத்துக்கு வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகலாம். வயதான பெற்றோரைக் கூட வைத்திருப்பவர்களுக்குச் செங்கல்பட்டில் இப்படி ஒரு போர்ஷன் அமைந்தால் நல்லதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் ஊரிலும் அதை ஒட்டியுமே இருக்கின்றன.

போர்ஷனில் கரன்ட் மீட்டர் தனியா என்பது முக்கியம். மின்வாரியத்தின் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. ஓனர் வைத்த சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று அவர் சொல்வதுதான் ரேட். ஏ.சி. போடும் வீட்டில் இந்த வித்தியாசமே வருஷத்துக்கு ஒரு மாத வாடகையைத் தொட்டுவிடும்.

காசும் காகிதமும்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. புறநகரில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பேசி முடிக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று அதிலேயே வழியும் விட்டிருக்கிறது. அதனால் சட்டத்தைக் காட்டி ஓனரை மடக்க முடியாது, பேசிக் குறைக்கத்தான் வேண்டும். அதே சட்டப்படி அக்ரிமென்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். பதினொரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு என்பார்கள். நாளைக்கு அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் அந்தப் பதிவு எண்தான் கை கொடுக்கும்.

காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்டில் எழுதி வாங்குங்கள். ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே போகும் அன்றைக்கே சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

வருமான வரியில் பழைய வரிமுறையில் வீட்டு வாடகைக் கழிவு கேட்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். மாதம் 8,500 என்றாலே தாண்டிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், கொடுத்தபின் பலருக்குப் பான் கார்டு தொலைந்துபோகும்.

லீஸ் என்று ஐந்து லட்சம், எட்டு லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் வீடு கொடுப்பவர்களும் இந்தப் பக்கம் உண்டு. கணக்குப் போட்டால் லாபம் போலத் தெரியும். ஆனால் ஏன் அவருக்கு அவ்வளவு பணம் மொத்தமாகத் தேவைப்படுகிறது? வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் நோட்டீஸ் ஒட்டப்படுவது நீங்கள் குடியிருக்கும் வீட்டில். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் லீஸ் பக்கம் போகவே வேண்டாம். எடுத்துப் பார்த்தாலும் நான் போக மாட்டேன்.

ஆக, வேலை கிண்டிக்கு வடக்கே, வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் வாடகை கூடினாலும் கிழக்குத் தாம்பரம்தான் என் தேர்வு. வேலை மறைமலை நகருக்குத் தெற்கே, அல்லது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஆபீஸ் என்றால் செங்கல்பட்டு. கூடுவாஞ்சேரி, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் கிடைத்தால் மட்டும்.

எந்த ஊரானாலும், ஆடியிலும் மார்கழியிலும் வீடு தேடுங்கள். அந்த மாதங்களில் யாரும் வீடு மாற மாட்டார்கள், டூ-லெட் போர்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், வாடகையில் ஐந்நூறோ ஆயிரமோ குறைத்துப் பேசலாம். தை பிறந்ததும் அதே வீட்டுக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். ஆடியில் குடிபோவதற்குப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனியிலேயே வீட்டைப் பேசி வைத்து, மாதக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமான்களை அப்புறம் சாவகாசமாகக் கொண்டுவரலாம். ஆடியில் சாமான் வண்டிக்காரரும் வாடகையைக் குறைத்துக்கொள்வார்.